அடுத்த வெளியீடு 0.9-ஆ, நேராக 1.0-ஆ? ஔகாரத் திருத்தம் முடியும்வரை நிறுத்தி வைக்கலாமா?

பாளை மார்க்கெட்:

எல்லோருக்கும் வணக்கம். நம்ம மொழிபெயர்ப்புச் சரிபார்ப்புக் கருவியின் அடுத்த வெளியீட்டை இங்கேயே பேசி முடித்துவிடலாம். வாட்ஸப்பில் காலையில் பேசியதை மாலையில் தேடி எடுக்க முடியவில்லை.

நிலைமை இதுதான். மெயின் கிளையில் (நிரலின் முதன்மைப் பிரதியில்) மூன்று வேலைகள் சேர்ந்து கிடக்கின்றன. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்து 'கொ' போலத் தெரிவதை ஒரே குறியாக்கத்துக்குக் கொண்டுவருவது முடிந்துவிட்டது, டெஸ்ட் எல்லாம் பச்சை. கான்ஃபிக் ஃபைலின் (கருவியின் அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பின்) வடிவத்தை மாற்றுவது பாதியில் நிற்கிறது. மூன்றாவது ஔகாரம். 'கௌரி' என்று வர வேண்டிய இடத்தில் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்து 'கெளரி' என்று வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் தேடினால் சிக்காது. அதைப் பிடிப்பதோடு நில்லாமல் தானாகவே திருத்திக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம், அது முடியாததால் மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே நிற்கின்றன.

மூன்றையும் முடித்து 1.0 என்று ஒரே அடியாக விடலாமா, இல்லை முடிந்ததை மட்டும் 0.9 என்று விடலாமா? கருவி ஓடும் பைத்தான் மொழியின் பழைய பதிப்பான 3.8-க்கான ஆதரவை இப்போதே எடுத்துவிடலாமா? நவம்பரில் பிள்ளைகளுக்கு செமஸ்டர் பரீட்சை வந்துவிட்டால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், அதனால் ஆவணிக்குள் முடிவு தெரிந்தால் நல்லது.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி, ஔகாரத்தைப் பிடிப்பதையும் திருத்துவதையும் முதலில் பிரித்துவிடுங்கள். பிடிப்பது தயார், நானே ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே பிடிக்கிறது. திருத்துவதுதான் ஆபத்து.

கொம்புக்குப் பின்னால் 'ள' வந்தாலே ஔகாரம் என்று மாற்றினால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் நாசமாகிவிடும். சரி, 'ள' மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு என்று விதி போட்டோம், அந்த மூன்றும் தப்பித்தன. ஆனால் கதைச் செயலி, விளையாட்டு மாதிரியான புராஜெக்ட்களில் பேச்சுத்தமிழ் வருகிறது. 'கெளம்பு', 'வெளக்கு' இரண்டிலும் 'ள' வெறும் எழுத்தாகத்தான் நிற்கிறது, 'கெளரி', 'பெளர்ணமி' போலவே. கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? யூனிகோடின் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியாக்கங்களை ஒன்றாக்கும் விதி) இதைத் தொடவே தொடாது, ஏனென்றால் ஔகாரத்தின் வலது பாதிக்குத் தனிக் குறி இருக்கிறது, 'ள' என்பது முழுக்க வேறு எழுத்து. அகராதி வைத்து ஒப்பிட்டால்தான் உண்டு, அதற்கு நாள் பிடிக்கும்.

நம்ம ஊர்ப் பேச்சில் எழுதிய ஒரு வசனத்தை ஒரு கருவி சத்தமில்லாமல் மாற்றி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. 0.9-ல் எச்சரிக்கை மட்டும் போகட்டும். தானியங்கித் திருத்தம் பிறகு வந்தாலும் கேட்டால் மட்டும் ஓடுகிற ஆப்ஷனாக இருக்க வேண்டும்.

தச்சநல்லூர் லேப்:

பைத்தான் 3.8 பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 அக்டோபரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றுவிட்டது, அதனால் எடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் நான் பார்த்துக்கொள்கிற லேப்பில் பல கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7. பைத்தான் 3.9 அதில் ஏறவே ஏறாது, 3.8தான் கடைசி. புதுக் கணினி எப்போது வரும் என்பது என் கையில் இல்லை, இந்தப் பிள்ளைகள்தான் நமக்கு மொழிபெயர்ப்புக் கோப்புகளைச் சரிபார்த்துத் தருகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். 0.9 தான் 3.8-ல் ஓடும் கடைசி வெளியீடு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதற்கென்று ஒரு கிளையைப் பிரித்து மோசமான பிழைகளை மட்டும் அதில் சரிசெய்யுங்கள். புது வசதி எதுவும் வேண்டாம். 0.9-க்கு அடுத்து வரும் 0.10-ல் எந்தப் பைத்தான் தேவை என்பதை பேக்கேஜ் விவரத்தில் சரியாக எழுதினால் பழைய கணினியில் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) தானாகவே 0.9-ஐ எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை விட்டால்தான் பிள்ளைகள் நிறுவிவிட்டு எரர் வருகிறது என்று வந்து நிற்பார்கள்.

அம்பை ஆற்றங்கரை:

தம்பி, வசதிக்காகக் காத்திருக்கிற பழக்கத்தையே விட்டுவிடுவோம். உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது, பைத்தான் ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில். லினக்ஸ் கெர்னலில் இரண்டு வாரம்தான் புதியதைச் சேர்ப்பார்கள், அப்புறம் ஆறேழு வாரம் பிழை நீக்கம் மட்டும். யாருடைய வேலை தவறினாலும் அது அடுத்த வண்டிக்குப் போகும், இந்த வண்டி நிற்காது. நமக்கும் தேதி வேண்டும். செப்டம்பர் கடைசியில் 0.9, பொங்கல் கழிந்து 0.10, ஆனித் தேரோட்டம் முடிந்தபின் 1.0. ஐப்பசி, கார்த்திகையில் எதையும் வைக்காதீர்கள், பரீட்சையும் மழையும் சேர்ந்து வரும்.

1.0 என்று எண் போட்டுவிட்டால் கட்டளை, கான்ஃபிக், கருவி ஓடி முடிந்து வெளியேறும்போது தரும் எண் எதையும் அடுத்த பெரிய எண் வரும்வரை உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுப்பதாக அர்த்தம். பூச்சியத்தில் தொடங்கும்வரை மாற்றலாம் என்று வெளியீட்டு எண்களுக்கான பொது விதியான செம்வரே இடம் தருகிறது. கான்ஃபிக் மாற்றத்தை 0.10-ல் விட்டு, பழைய வடிவத்தையும் எச்சரிக்கையோடு படித்து, ஆட்கள் பழகியபின் 1.0 போடுவதுதான் முறை. இன்னொன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். புது விதி சேர்த்தால் நேற்றுவரை பச்சையாக இருந்த அடுத்தவர் சிஐ (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) இன்று சிவப்பாகும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சரிபார்க்கும் ஈஎஸ்லின்ட்காரர்கள் சிறு திருத்த வெளியீட்டில் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வோம், நடு எண் மாறும்போது கூடுதல் பிழைகள் காட்டலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஔகார எச்சரிக்கை 0.9-ல் வந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றும் உரிமை இப்போது ஒரே ஒருவரிடம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் நம்ம மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் கரண்ட், சிக்னல் இல்லாமல் எத்தனை பேர் எத்தனை நாள் கிடந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு வாரத்தில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டால் யார் ஏற்றுவது? 2023-லிருந்தே பைபிஐயில் டிரஸ்டட் பப்ளிஷிங் இருக்கிறது. வெளியீட்டு எண்ணை டேக்காக (அடையாளக் குறியாக) போட்டால் நிரல் இருக்கும் கிட்ஹப்பிலிருந்தே ஏறும், பாஸ்வேர்டும் டோக்கனும் யார் கையிலும் இருக்க வேண்டியதில்லை. டேக் போடும் உரிமையை இரண்டு பேருக்குக் கொடுங்கள், அதில் ஒருவராவது வெளியூரில் இருக்கட்டும். இது முடியாமல் 0.9 போகக் கூடாது என்பது என் கருத்து.

பாளை மார்க்கெட்:

சரி அண்ணாச்சி, இதற்கு மேல் இழுக்க வேண்டாம். 0.9-ல் கொம்பு-கால் திருத்தமும் ஔகார எச்சரிக்கையும் மட்டும், 3.8-க்கு அதுவே கடைசி, கான்ஃபிக் 0.10-க்குப் போகிறது. தானியங்கித் திருத்தத்துக்குத் தேதி போடவில்லை, அகராதி ஒப்பீடு தேறும்போது பார்க்கலாம். டிரஸ்டட் பப்ளிஷிங்கை இந்த வாரமே அமைத்துச் சோதனைப் பைபிஐயில் ஏற்றிப் பார்க்கிறேன்.

சாரல், 'கெளம்பு', 'வெளக்கு' மாதிரிச் சொற்கள் இன்னும் கொஞ்சம் வேண்டும். டெஸ்ட் கோப்பில் போட்டு வைத்தால் பின்னால் யாரும் தெரியாமல் உடைக்க மாட்டார்கள்.

தென்காசிச் சாரல்:

எடுத்துத் தருகிறேன் அண்ணாச்சி. 'வெளங்கும்', 'கெளறு' இரண்டையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், மீதியை வீட்டில் ஆச்சியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.