பைத்தான் வீடியோ எல்லாம் பார்த்தாச்சு, தனியா ஒரு புரோகிராம் எழுத வரல

சேலத்தான்:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடித்துவிட்டு 4 மாதமாகப் பைத்தான் படிக்கிறேன். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி வரை வந்தாச்சு. வீடியோ ஓடும்போது புரிகிறது. காலி ஃபைலைத் திறந்தால் முதல் வரியே வருவதில்லை. பைத்தானில் வெப்சைட் செய்ய உதவும் ஜாங்கோவுக்குப் போகலாமா, ஜாவாவுக்கு மாறிவிடலாமா? டெவலப்பர் வேலைக்கு இன்னும் என்ன வேண்டும்?

திருச்சிவாசி:
தம்பி, மொழியை மாற்றினால் 4 மாதம் கழித்து இதே இடத்தில்தான் நிற்பீர்கள். கணக்கைப் படிப்படியாகப் பிரிக்கிற பழக்கம் இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வீடியோவில் அந்த வேலையைப் பாடம் எடுப்பவரே செய்துவிடுகிறார்.

வீட்டு கரண்ட் பில்லை எடுங்கள். யூனிட் கொடுத்தால் தொகை வர வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடாமல் 230 யூனிட்டுக்கு நோட்டில் போடுங்கள்: முதல் 100 தனி, அடுத்த 100 தனி, மீதி 30 தனி. நோட்டில் போட்ட அந்த வரிசைதான் புரோகிராம். பலர் இங்கே 230ஐயும் ஒரே வீதத்தால் பெருக்கிவிடுகிறார்கள். அடுத்த சிக்கல் 500. அதைத் தாண்டினால் ஸ்லாப் (எத்தனை யூனிட் வரை என்ன வீதம் என்ற அடுக்கு) பட்டியலே வேறு. 101-200க்கான குறைந்த வீதம் கிடைக்காது. ஆகவே இரண்டு பட்டியல் வேண்டும். எந்தப் பட்டியல் என்று முடிவு செய்த பிறகே லூப். வீதங்களை இஃப் வரிகளுக்குள் எழுதாதீர்கள், லிஸ்டில் வையுங்கள். கட்டணம் மாறினால் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். பிறகு 0, 100, 101, 500, 501 கொடுத்து, கையால் போட்டதோடு ஒத்துப்பாருங்கள். தப்பு பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும்.

சேலத்தான்:
நன்றி அண்ணா, எழுதினேன். யூனிட்டை 100உடன் ஒப்பிடும் வரியில் டைப்எரர் வருகிறது.

மதுரைக்காரி:
இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துகளின் வரிசை) தரும், அதை எண்ணோடு ஒப்பிட முடியாது. 230 என்று அடித்தாலும் பைத்தானுக்கு அது மூன்று எழுத்து. இன்ட் போட்டு எண்ணாக்குங்க. எரர் வந்தது நல்லதுக்குத்தான். ஒப்பிடாமல் 2ஆல் பெருக்கியிருந்தால் எரரே இல்லாமல் 230230 என்று வந்திருக்கும்.

எரரைக் கீழிருந்து மேலே படிங்க. கடைசி வரி என்ன தப்பு என்று சொல்லும், அதற்கு மேலே எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று இருக்கும். இன்னொன்று: ஃபைலுக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்தால், பைத்தான் உங்க ஃபைலையே எடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த மாட்யூலில் இருக்க வேண்டிய ராண்ட்இன்ட் ஃபங்ஷன் இல்லை என்று சொல்லும். பெயரை மாற்றினாலே சரியாகிவிடும்.

பணத்தை ஃப்ளோட்டில் (புள்ளி வைத்த எண்ணில்) வைக்காதீங்க. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசாவாக்கி முழு எண்ணில் கணக்குப் போட்டு, காட்டும்போது மட்டும் 100ஆல் வகுத்துக்கொள்ளுங்க.

கோவைடெவ்:
வேலை பற்றி. நீங்கள் பி.காம் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். அக்கவுண்ட்ஸ் புரிந்த டெவலப்பர் பில்லிங் மென்பொருள் செய்யும் இடங்களில் உண்மையாகவே தேவைப்படுகிறார். உங்கள் ப்ராஜெக்ட் அதிலிருந்தே வரட்டும்: எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் சின்ன லெட்ஜர் (கணக்குப் பேரேடு). ஒரு வவுச்சரின் டெபிட்டும் கிரெடிட்டும் சமமில்லை என்றால் ஏற்கக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (பதிந்தால் எல்லாம், இல்லையென்றால் எதுவுமே இல்லை) பதிவாக வேண்டும். நடுவில் எரர் வந்தால் ரோல்பேக், அதாவது பழைய நிலைக்கே திரும்புவது. இதைச் செய்தால் டேபிள்களை இணைக்கும் ஜாயின், வகைவாரியாகச் சேர்க்கும் குரூப் பை எல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும். 'நல்' (NULL, மதிப்பே பதியாத இடம்) என்பதை சமக்குறி போட்டுத் தேடினால் ஒரு வரிகூட வராது, 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். இந்த ப்ராஜெக்ட் ஓடிய பிறகு ஜாங்கோ.

முதல் நாளிலிருந்தே கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்று சேமித்து வைக்கும் கருவி) போடுங்கள். பாஸ்வேர்டு, கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்புக்குப் போய்விட்டால் அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.

இன்டர்வியூவில் 'இரண்டாவது பெரிய எண்' அடிக்கடி கேட்பார்கள். பெரியது 0 என்று தொடங்கினால் எல்லாம் மைனஸ் எண்ணாக உள்ள லிஸ்டில் விடை தப்பும். 10, 10, 9 கொடுத்தால் விடை 10ஆ 9ஆ என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். அப்படிக் கேட்பதையும் கவனிப்பார்கள்.

பணம் கட்டினால் 2 வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். கம்பெனிகள் யுஏஎன் எண்ணை (ஊழியரின் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) வைத்து பிஎஃப் பதிவைப் பார்க்கின்றன; அந்த 2 வருடம் அதில் இருக்காது.