பிள்ளைகளின் கையில் கிரிஃபினும் யாளியும்: திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா:

மகனுக்கு ஐந்து வயது. ஜெர்மனியில் இருக்கும் மாமா அவனுக்குக் கையளவு உருவங்கள் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். டிராகன், ஒற்றைக் கொம்புக் குதிரை, மூன்று தலை நாய், கிரிஃபின். கெட்டியான பிளாஸ்டிக், நகம் வரைக்கும் வர்ணம் பூசியவை. அவனுக்குப் பிடித்தது கிரிஃபின்தான். சிங்க உடம்பு, கழுகுத் தலை, கழுகுச் சிறகு. பழைய கிரேக்கக் கதைகளில் அது பொன்னைக் காவல் காக்கும். அந்தக் கதையை நான் அவனுக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே அவனாகவே அதை வாசற்படியில் வீட்டுக்குக் காவலாக வைத்துவிட்டான்! அந்தக் கூர்மையான அலகையும் நகத்தையும் பார்த்தே பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது.

கோயில் திருவிழாவுக்குப் போகும்போதும் அது காற்சட்டைப் பைக்குள் இருந்தது. வாகனசாலைக் கதவு திறந்திருந்தது. யாளி வாகனத்துக்கு முன்னால் போய் நின்றவன் நகரவே இல்லை. “அம்மா, இதுக்கும் சிங்க உடம்பு. ஆனா தும்பிக்கை இருக்கு. இதுவும் காவலா?” என்று கேட்டான். வாகனம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். சிங்கத்தின் பலமும் யானையின் பலமும் ஒரே உடம்பில் சேர்ந்தது யாளி, அதனால்தான் கோயில் தூண்களில் செதுக்கி வைக்கிறார்கள் தம்பி, என்று சொன்னார். அப்புறம் காமதேனுவைக் காட்டினார். பசுவின் உடம்பு, பெண்ணின் முகம், சிறகு, மயில் தோகை. மகன் பைக்குள்ளிருந்து கிரிஃபினை எடுத்து அவரிடம் நீட்டினான். அவரும் அதை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிறகு எங்கே பொருந்துகிறது என்று கவனமாகப் பார்த்தார்.

‘வெள்ளைக்காரர் பூதமெல்லாம் நம் பிள்ளைக்கு எதற்கு’ என்று சொந்தக்காரர் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரிஃபினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் யாளி தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ தரம் அதே வாகனத்தைக் கடந்து போயிருக்கிறான். இப்போது கோணேசர் கோயிலுக்குப் போனால் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று, பாறையை வாளால் பிளந்த கதையைத் திரும்பச் சொல்லு என்கிறான். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றையும் எண்ணிவிட்டு, இராவணன் தாய்க்காக உண்டாக்கியதா என்று கேட்கிறான்.

என் மனக்குறை வேறு. டிராகனை நகரத்துப் பேமன்ட் கடையிலேயே வாங்கலாம். யாளியோ, இரண்டு தலைப் பறவையான கண்டபேருண்டமோ, நான்கு தந்தம் உள்ள ஐராவதமோ பிள்ளை விளையாடுகிற அளவில் நான் எங்கும் காணவில்லை. சாமி அறையில் வைக்கிற பித்தளைச் சிலை இருக்கிறது, அது விளையாடக் கொடுக்கிற சாமான் இல்லை. எங்காவது கண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாப்பா:

யாளி நான் காணவில்லை தங்கச்சி. எங்கள் வீட்டுக் கதை கடல் பக்கம். மகளுக்குக் கிடைத்தது கிராக்கன், கப்பலைச் சுற்றிப் பிடிக்கிற அந்தக் கடல் பூதம். நோர்வே மாலுமிகளின் பழைய கதை அது. என் மச்சான் கடல் தொழில் செய்கிறவர். மகள் அதைக் காட்டினதும், “இது நம்மட கணவாய்தானே” என்று சொல்லிவிட்டு, மறுநாள் வலையில் பட்ட கணவாய் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கைகளை எண்ணினாள். கணவாய்க்கு எட்டுக் கை, அதோடு நீளமான இரண்டு, மொத்தம் பத்து.

ஆழ்கடலில் பன்னிரண்டு மீற்றர் வரை வளர்கிற இராட்சதக் கணவாய் உண்மையாகவே இருக்கிறது, கிராக்கன் கதைக்கு அதுவே மூலம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கடல் கரைக்குக் கிட்டவே சட்டென்று ஆழமாகிறது, கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் இந்தப் பக்கம் வரும், விந்துத் திமிங்கிலத்தின் முக்கிய இரையே கணவாய். இதைச் சொன்ன நாளிலிருந்து மகள் மாமாவை விடுவதில்லை. எவ்வளவு ஆழம், அங்கே இருட்டா, திமிங்கிலம் எப்படி மூச்சுப் பிடிக்கிறது என்று வரிசையாகக் கேள்வி. ஒரு சின்னப் பொம்மை இவ்வளவு கதைக்க வைக்கும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

முன்பள்ளி ஆசிரியை ஒருவர், திருகோணமலை நகரம்:

இரண்டு பேருடையதையும் வாசித்தேன், மனது நிறைந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கேட்பதென்றால் ஜெர்மனியின் ஷ்லைஹ், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி ஆகியவை இப்படி உருவங்கள் செய்கிற நிறுவனங்கள். பெட்டியில் அடைபட்டு வந்து சிறகு வளைந்திருந்தால் வீசிவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் சுடுநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, இளகினதும் நேராக்கிப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் அப்படியே நின்றுவிடும். வெயில் விழுகிற ஜன்னலில் வைக்க வேண்டாம், வர்ணம் மங்கும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கச்சி வீட்டில் இருந்தால் கட்டாயம் அளவைப் பாருங்கள். 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்பதுதான் பரிசோதனைக் கணக்கு.

யாளிக்கு ஒரு வழி இருக்கிறது அக்கா. எங்கள் பிள்ளைகளோடு நாங்களே செய்கிறோம். பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து இடித்து, கோதுமை மாப் பசை காய்ச்சிப் பிசைய வேண்டும். பசையில் கொஞ்சம் உப்புப் போட்டால் பூஞ்சணம் பிடிப்பது குறையும். உடம்புக்குத் தாளைச் சுருட்டி நூலால் கட்டி, அதன் மேல் மெல்லிசாக அப்புங்கள். தும்பிக்கைக்குள் ஒரு ஈர்க்குத் துண்டு வைத்தால் முறியாது. நுனி மட்டும் வெளியே தெரியக்கூடாது, கண்ணில் குத்தும். நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். மழைக் காலத்தில் காய ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கும். வர்ணம் பூசுகிற வேலையை முழுக்க மகனிடம் விட்டுவிடுங்கள், எங்கள் பிள்ளைகள் செய்த யாளிகளில் ஒன்று ஊதா நிறம்.