சட்டமன்ற உறுப்பினர் அனுப்பிய மருத்துவ, குடும்ப நலக் கடிதம்: நடந்தது எது, நடக்கவிருப்பது எது?

தொகுதிவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், தாம் செய்த பணிகளை விவரித்து வாக்காளர்களுக்கு அவ்வப்போது நீண்ட கடிதம் அனுப்புவது வழக்கம். இம்முறை வந்த கடிதம் முழுவதும் மருத்துவ வசதியையும் குடும்ப நலனையும் பற்றியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்குக் கூடுதல் விடுப்பு அளிக்கும் மசோதாவைத் தாம் முன்மொழிந்ததாகவும், மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவுக்கு நிதி பெற்றுத் தந்ததாகவும், இன்சுலின் விலைக்கு உச்சவரம்பு விதித்த சட்டத்தை ஆதரித்து வாக்களித்ததாகவும், முதிய பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகை வேண்டுமென அவையில் பேசியதாகவும் எழுதியிருக்கிறார்.

முதல் வாசிப்பில் எல்லாமே நடந்து முடிந்துவிட்டதைப் போலத் தோன்றியது. மறுபடி வாசித்தால், ஒன்றுகூட இன்னும் கைக்கு வந்து சேரவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. என் தங்கை கருவுற்றிருக்கிறாள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அம்மா பல ஆண்டுகளாக இன்சுலின் எடுத்துக்கொள்கிறார். ஆகவே இது எனக்கு வெறும் அரசியல் ஆர்வம் அன்று. இக்கடிதத்தில் எது நடைமுறையில் உள்ளது, எது முயற்சி மட்டுமே என்பதை எப்படிப் பிரித்தறிவது? கட்சிச் சண்டைக்குள் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழையகோப்பு:

சட்டமன்றச் செயலகம் ஒன்றில் நெடுங்காலம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட நான்கு செய்திகளும் நான்கு வெவ்வேறு கட்டங்களில் நிற்பவை. கடிதம் அவற்றை ஒரே தொனியில் அடுத்தடுத்து வைத்திருப்பதால்தான் குழப்பம். அதில் பொய் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. இத்தகைய கடிதங்களைத் தயாரிப்பவர்கள் பொய் எழுதுவதில்லை; அதற்கான தேவையும் அவர்களுக்கு ஏற்படுவதில்லை.

முதலில் மசோதாவை எடுத்துக்கொள்வோம். முன்மொழியப்பட்ட மசோதா குழுவின் ஆய்வுக்குப் போகலாம், போகாமலே கிடக்கலாம், அவையின் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியாகலாம். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா என்றால் பாதை இன்னும் குறுகலானது. இந்திய நாடாளுமன்றத்தில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. அவற்றுள் கடைசியானது நிறைவேறியது 1970-இல். பிரிட்டனில் நிலைமை இதைவிடப் பரவாயில்லை. உங்கள் உறுப்பினர் கேட்கும் அதே வகை விடுப்பை, ஸ்டூவர்ட் மெக்டொனால்ட் என்ற உறுப்பினர் அங்கே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2023 மே 24 அன்று, மசோதாவைச் சட்டமாக்கும் அரச ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது. ஆனால் விதிமுறைகள் வகுக்கப்பட்டு, ஊதியக் கணக்கு முறைகள் மாற்றப்பட்டு, பெற்றோர் உண்மையில் அந்த விடுப்பை எடுக்க முடிந்தது 2025 ஏப்ரல் 6 முதல்தான். இடைப்பட்ட காலத்தில் பிறந்த குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சட்டம் இருந்தது, விடுப்பு இல்லை. அதே 2023 மே 24 அன்று ஒப்புதல் பெற்ற பராமரிப்பாளர் விடுப்புச் சட்டமோ 2024 ஏப்ரல் 6 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே 'நிறைவேறியது' என்ற செய்தியைப் பார்த்ததும், எந்தத் தேதி முதல் என்பதைத் தேடுங்கள்.

இந்தத் தாமதம் எப்போதும் சோம்பலால் வருவது என்றும் எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்கான சட்டம் 1946-இல் நிறைவேறி, சேவை தொடங்கியது 1948 ஜூலை 5 அன்று. மருத்துவமனைகளை அரசின் பொறுப்பில் கொண்டுவரவும் மருத்துவர்களோடு பேசி முடிக்கவும் அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

அடுத்தது இன்சுலின். இங்கே தேதியைக் காட்டிலும் யாருக்கு என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டம் இன்சுலினுக்கு நோயாளி செலுத்தும் தொகையை மாதம் 35 டாலராக வரம்பிட்டது. 2023-இல் நடைமுறைக்கு வந்த அந்த வரம்பு மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் பயனாளிகளுக்கு, அதாவது பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு, உரியது. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதை நீட்டிக்கும் பிரிவு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 57-க்கு 43 என்று வாக்குப் பெற்றபோதிலும், தேவைப்பட்ட 60 வாக்குகள் கிட்டாமையால் வீழ்ந்தது. சட்டம் உண்மை, வரம்பும் உண்மை. ஆனால் ஐம்பது வயதில் தனியார் காப்பீட்டை நம்பியிருந்த நோயாளிக்கு அச்சட்டத்தால் பயனில்லை. உங்கள் அம்மா எந்தக் காப்பீட்டின் கீழ் வருகிறார் என்பதை முதலில் பாருங்கள். கடிதத்தில் அதற்கு விடை இராது, சட்டத்தின் வரையறைப் பகுதியில் இருக்கும்.

வார்டுசெவிலியர்:

பழையகோப்பு அவர்கள் மகப்பேற்றுப் பிரிவுக்கான நிதியைத் தொடவில்லை. அதை நான் சொல்கிறேன். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

நிதி வந்தது என்றால் எதற்காக வந்தது என்று கேளுங்கள். கட்டடத்துக்கான பணம் ஒருமுறை வருவது. கருவிகளுக்கான பணமும் அப்படியே. செவிலியரின் ஊதியமோ ஆண்டுதோறும் வர வேண்டியது. எந்தத் தலைவரும் வந்து திறந்துவைக்கக்கூடிய பொருளாகச் செவிலியர் பணியிடம் இல்லாததால், முதல் இரண்டும் எளிதில் கிடைக்கின்றன, மூன்றாவது கிடைப்பதில்லை. நான் பணிபுரிந்த ஓரிடத்தில் பச்சிளங்குழந்தையின் உடல் சூட்டைக் காக்கும் புத்தம் புதிய வார்மர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் சுவரோரம் வரிசையாக நின்றன. இரவுப் பணிக்கு ஆள் இல்லாததால் அந்தப் படுக்கைகளைத் திறக்க முடியவில்லை. வார்டில் இருந்த குழந்தைகளையோ ஒரு படுக்கைக்கு இருவராகப் படுக்க வைத்திருந்தோம். அந்த ஆண்டறிக்கையில் கருவிகளின் எண்ணிக்கை பெருமையாக இடம்பெற்றது. எனவே உறுப்பினரிடம் கேட்க வேண்டியது, ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் நிரப்பப்பட்டவை எத்தனை என்பதுதான்.

விடுப்பு மசோதாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஏதோ சலுகை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 28 வாரத்தில் பிறக்கும் குழந்தை, இயல்பாகப் பிறந்திருக்க வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் பொதுவாக வீடு திரும்பும். அதுவரை தாய் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி, பெயரும் நேரமும் எழுதிய குப்பியில் எங்களிடம் தருவார். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்புக்கு ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அதைத் தந்தையும் செய்யலாம், ஆனால் அவர் வேலை முடிந்து கைகழுவி உள்ளே வரும்போது பார்வை நேரம் முடிந்திருக்கும். பன்னிரண்டு வாரப் பேறுகால விடுப்பு மட்டுமே உள்ள தாய்க்கு, குழந்தை வீட்டுக்கு வரும் வாரத்திலேயே விடுப்பும் முடிந்துவிடும். பிரிட்டனின் சட்டம் இதைத்தான் சரிசெய்கிறது. பிறந்த 28 நாட்களுக்குள் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டு, தொடர்ந்து 7 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் குழந்தையின் பெற்றோர் இருவருக்கும், பிற விடுப்புகளுக்கு மேலாக 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு உண்டு. உங்கள் உறுப்பினரின் மசோதாவில் தந்தைக்கும் இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

மறுதலிப்பவன்:

மேலே எழுதிய இருவரும் விவரம் அறிந்தவர்கள். ஆனாலும் அவர்களின் பதில்களை வாசித்தால், கைக்கு வராத எதையும் உறுப்பினர் கடிதத்தில் குறிப்பிடவே கூடாது என்ற எண்ணம் உண்டாகிறது. அதை நான் ஏற்கவில்லை. முதியோர் பராமரிப்புக்காக அவையில் பேசியதை வெறும் பேச்சு என்று ஒதுக்குவது எளிது. குடும்ப நலச் சட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றுள் பல இப்படிப்பட்ட பேச்சிலும் தோல்வியிலுமே தொடங்கியவை.

அமெரிக்காவின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நிறைவேற்றியும், அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) 1990-இலும் 1992-இலும் இருமுறை தமது மறுப்பதிகாரத்தால் தடுத்தார். 1993 பிப்ரவரியில் கிளின்டன் கையெழுத்திட்ட பிறகே அது சட்டமாயிற்று. 1991-ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஓர் உறுப்பினர் அதைக் குறிப்பிட்டிருந்தால், நம் அளவுகோலின்படி அது வெறும் முயற்சிதான். (அச்சட்டம் தருவது ஊதியமற்ற 12 வாரம், அதுவும் 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழையகோப்பு அவர்கள் நினைவூட்டுவார்.)

இன்னும் பழைய உதாரணம் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன். குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகைக்காகப் பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியவர் அவர். 1945-இல் அரசு ஒருவழியாக மசோதாவைக் கொண்டுவந்தபோது, பணத்தைத் தந்தையிடம் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. அதற்காக எத்தனையோ ஆண்டு காத்திருந்த ராத்போன், மகிழ்ந்து வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தாயின் கையில் கொடுக்காவிட்டால் மசோதாவையே எதிர்ப்பேன் என்று நின்று, அதை மாற்றவைத்தார். 1946 ஆகஸ்டில் இரண்டாவது குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங் வழங்கப்படலாயிற்று. ராத்போன் அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். ஓர் உறுப்பினரின் உழைப்பில் பெரும்பகுதி இத்தகைய திருத்தங்களில்தான் இருக்கிறது. தொகுதிக்கு வரும் கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை.

சிறுநிறுவனம்:

தங்கை தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வாரம் விடுப்பு என்பதைப் போலவே, அந்த வாரங்களுக்கான ஊதியத்தை யார் தருவது என்பதையும் பாருங்கள். சிறிய நிறுவனம் ஒன்றின் ஊதியப் பட்டியலைக் கவனிப்பவள் நான். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. நல்ல காரியம்தான். ஆனால் ஈ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வராத ஊழியர்களுக்கு அந்த 26 வார ஊதியம் முழுவதையும் நிறுவனமே தர வேண்டும். விளைவாக, இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே சில முதலாளிகள் தயங்குகிறார்கள். நேர்காணலில் திருமணத்தைப் பற்றிச் சுற்றிவளைத்துக் கேட்கப்படும் கேள்வியின் பொருள் இதுதான். இந்த ஆபத்தை முன்னரே உணர்ந்துதான், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு 183-ஆவது உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பைக் கோருவதோடு நிற்காமல், அதற்கான செலவைப் பொதுவாகச் சமூகக் காப்பீடோ அரசு நிதியோ ஏற்க வேண்டும் என்றும், தனி முதலாளியின் தலையில் நேரடியாக வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஸ்வீடனில் ஒரு குழந்தைக்கு இருவருக்குமாகச் சேர்த்து 480 நாள் பெற்றோர் உதவித்தொகை தர முடிவதற்குக் காரணம், அது சமூகக் காப்பீட்டிலிருந்து வருவதுதான். நிறுவனம் மாற்று ஆளைத் தேடினால் போதும்.

தொகுதிவாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. மறுதலிப்பவன் அவர்கள் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. உறுப்பினருக்குப் பதில் எழுதலாம் என்றிருக்கிறேன். அப்படி எழுதினால் யாராவது வாசிப்பார்களா? எதைக் கேட்பது?

பழையகோப்பு:

வாசிப்பார்கள், ஆனால் முதலில் வாசிப்பவர் உறுப்பினர் அல்லர், அவருடைய அலுவலக உதவியாளர். 'ஆவன செய்யப்படும்' என்ற ஒற்றை வரியால் அவர் பதில் சொல்லிவிட முடியாதபடி உங்கள் கேள்வி இருக்க வேண்டும். மசோதாவின் எண்ணைக் கேளுங்கள், அது இப்போது எந்தக் குழுவின் முன் உள்ளது என்று கேளுங்கள், சிறுநிறுவனம் அவர்கள் சொன்னபடி விடுப்புக் காலத்து ஊதியத்தை யார் ஏற்பது என்பதையும் கேளுங்கள். மகப்பேற்றுப் பிரிவுக்கான நிதி ஒதுக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டதா என்று தனித்தனியே கேளுங்கள். ஒதுக்கீடு நடந்தும் பணம் விடுவிக்கப்படாமல் நிதியாண்டு முடிந்துபோன கோப்புகள் என் மேசையில் வந்து போயிருக்கின்றன. உதவித்தொகை பற்றிய பேச்சைப் பொறுத்தவரை, அதற்கு அமைச்சர் சொன்ன பதிலை அவைக் குறிப்பில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான அவைகள் தங்கள் நடவடிக்கைக் குறிப்பை இணையத்தில் வெளியிடுகின்றன; உறுப்பினரின் கேள்வியைவிட அமைச்சரின் பதிலில்தான் செய்தி இருக்கும்.

அம்மாவின் இன்சுலின் விவகாரத்தை இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். கொள்கை பற்றிய கடிதங்களைப் பார்ப்பவர் ஒருவர், தனிநபர் குறைகளைக் கவனிப்பவர் வேறொருவர்; இரண்டையும் ஒன்றாக எழுதினால் கடிதம் ஒரு மேசையிலேயே தங்கிவிடும். அம்மாவின் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதி அவரே கையெழுத்திடட்டும். காப்பீட்டு எண்ணையும் மருத்துவ அறிக்கைகளையும் முதல் கடிதத்திலேயே இணைக்க வேண்டாம். அலுவலகம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அவற்றை யாரிடம் காட்டப்போகிறது என்று சொன்ன பிறகு கொடுத்தால் போதும்.