கண்ணாடி போட்டும் கோயில் இரண்டாகத் தெரிகிறது, லேப் புரொஜெக்டர் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பட்டர்வொர்த் வாசி:
வணக்கம். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். கெடா புஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலை, சுற்றிச் சுற்றி வந்து 400க்கும் மேல் படம் எடுத்து, முப்பரிமாண மாடலாக்கி வைத்திருக்கிறேன். 2013இல் பதினோராம் எண் சண்டியை இடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் இருந்தேன். அன்று வகுப்பில் ஆசிரியர் கடாரத்தை, அதாவது பழைய கெடாவை, பற்றிச் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. மிச்சம் இருப்பதையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். லேபில் ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு புரொஜெக்டர்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடும் ஒரு போலரைசிங் ஃபில்டர். 3டி கண்ணாடி லேசானது, பேட்டரி கிடையாது. போன செமஸ்டரில் சீனியர்கள் காட்டியபோது அருமையாக இருந்தது. இப்போது கண்ணாடி போட்டாலும் கழற்றினாலும் ஒரே மாதிரிதான், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் இன்னொரு கல். ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. கணினியின் கிராபிக்ஸ் டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை படைப்பு.

செந்தூல் தம்பி:
என்விடியா தன் 3டி விஷன் ஆதரவை 2019இல் நிறுத்திவிட்டது. பழைய டிரைவர் போட்டுப் பாருங்கள்.

லேப் அண்ணன்:
செந்தூல் தம்பி சொல்வது பேட்டரி உள்ள ஷட்டர் கண்ணாடிக்கு. அதில் திரை 120 ஹெர்ட்ஸில் ஓடும், ஒரு கண்ணுக்கு 60 என்று மாறி மாறித் திறக்கும். உங்களுடையது அந்த வகை இல்லை, டிரைவரை விட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் இதே மாதிரி லேபைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் கேட்கிறேன்.

ஒரு புரொஜெக்டரை மூடியால் மூடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணுக்குப் படம் தெரிய வேண்டும், மறு கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டாக இருக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் தெரிந்தால், உபரிக் கண்ணாடி ஒன்றை எடுத்து ஃபில்டருக்கு முன்னால் ஒளியில் நீட்டி, மெல்லத் திருப்புங்கள். திரையில் விழும் வெளிச்சம் ஒரு கோணத்தில் அணைகிறதா? லென்சுக்குள் நேராகப் பார்த்துவிடாதீர்கள். அப்புறம், புரொஜெக்டர் எல்சிடி வகையா டிஎல்பி வகையா என்றும் சொல்லுங்கள். எல்சிடி ஒளி உள்ளேயே போலரைஸ் ஆகித்தான் வரும். பலவற்றில் பச்சை மட்டும் வேறு கோணத்தில் இருக்கும், ஃபில்டர் வைத்தால் நிறம் கெட்டுவிடும்.

பட்டர்வொர்த் வாசி:
டிஎல்பி அண்ணே. மூடிப் பார்த்தேன், இரண்டு கண்ணிலும் தெரிகிறது. ஆனால் கண்ணாடியை ஒளியில் நீட்டித் திருப்பினால் திரையில் அந்த இடம் நன்றாக இருண்டுவிடுகிறது.

லேப் அண்ணன்:
அப்படியானால் ஃபில்டரும் சரி, கண்ணாடியும் சரி. திரையை மாற்றினார்களா?

பட்டர்வொர்த் வாசி:
ஆமாம் அண்ணே! விடுமுறையில் லேபுக்குப் பெயின்ட் அடித்தார்கள். முன்பு சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒன்று இருந்தது. இப்போது புது வெள்ளைத் திரை மாட்டியிருக்கிறார்கள்.

லேப் அண்ணன்:
அதுதான் காரணம். வெள்ளைத் திரை ஒளியை உள்வாங்கிச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும், அதில் போலரைசேஷன் கலைந்துவிடும். இடக் கண்ணுக்கான ஒளியும் வலக் கண்ணுக்கான ஒளியும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் கண்ணாடி எதைப் பிரிக்கும்? பழைய திரையின் மேல் அலுமினியப் பூச்சு இருந்திருக்கும். உலோகம் ஒளியை அப்படியே திருப்பும். சாம்பல் நிறத்தைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துக் கழற்றியிருப்பார்கள், பாவம். ஸ்டோர் ரூமில் தேடுங்கள். கிடைத்தால் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், பூச்சு வந்துவிடும்.

ஈப்போ அக்கா:
கிடைக்காவிட்டாலும் பயப்படாதே தம்பி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், இரு கண்ணுக்கான படத்தையும் நிறத்தால் பிரிக்கும் அனாகிளிஃப் என்று ஒரு வழி இருக்கிறது. சிவப்பு, நீலப்பச்சைக் கண்ணாடிக் காகிதத்தை அட்டையில் ஒட்டினால் போதும், ஒரு புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் இருந்தாலே தெரியும். நிறம்தான் அடிபடும். செங்கல்லில் கட்டிய சண்டியாக இருந்தால் சிவப்பு ஒரு கண்ணில் வெளுத்து, மறு கண்ணில் கறுத்து உறுத்தும். உன்னுடையது கருங்கல், சாம்பல் நிறம்தானே? அழகாகவே வரும்.

பட்டர்வொர்த் வாசி:
அக்கா சொன்னதையும் செய்து வைத்துக்கொண்டேன், நன்றாக வந்தது. நேற்று மாலை பழைய திரையும் கிடைத்துவிட்டது! அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு மடிப்பு. மாட்டியதும் இரட்டை போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று. கோயிலின் அடிமேடை மேலே எழவில்லை, குழியாகத் தெரிகிறது. தூண் நின்ற கற்கள் கிணறு மாதிரி உள்ளே போகின்றன.

லேப் அண்ணன்:
இடமும் வலமும் மாறியிருக்கிறது. பெயின்ட் அடித்தபோது கேபிளைக் கழற்றியிருப்பார்கள். பின்னால் போய் இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். நேர்கோட்டு ஃபில்டர் என்றால் பார்ப்பவர்கள் தலையைச் சாய்க்கக் கூடாது, சாய்த்தால் மறுபடி இரட்டை எட்டிப் பார்க்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பட்டர்வொர்த் வாசி:
மாற்றிச் செருகினேன் அண்ணே. மேடை எழுந்து நிற்கிறது. படியில் உளி பட்ட தடம்கூடத் தெரிகிறது. லேப் பொறுப்பாளரிடம் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் ‘கழற்ற வேண்டாம், துடைக்க வேண்டாம்’ என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டிவிட்டேன். வியாழக்கிழமை அம்மாவும் வருகிறார், அவருக்கு முன்வரிசையில் நடு நாற்காலி.