8 வயசுல பல்லுக்குக் கம்பி: இப்பவேவா, 12 வரைக்கும் பொறுக்கணுமா?

செண்பகம்_திருச்சி
மகளுக்கு எட்டரை வயசு. மேல முன்பல் ரெண்டும் விசிறி மாதிரி விரிஞ்சு நடுவுல சின்னதா ஒரு சந்து. போன மாசம் ஒரு பல் டாக்டர்கிட்ட போனோம். "இப்பவே ஆரம்பிச்சிடுங்கம்மா. ரெண்டு கட்டமா பண்ணணும். இப்ப ஒரு வருஷம், அப்புறம் 12 வயசுல முழுக் கம்பி"ன்னார். முதல் கட்டத்துக்கு மட்டும் 40 ஆயிரம். இன்னொருத்தர்கிட்ட போனா அரை நிமிஷம் பாத்துட்டு, "பால் பல்லே பாதி விழலை, 12 முடியட்டும்"னு அனுப்பிட்டார். மாமியார் என்னடான்னா, "பொட்டப்புள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிக்கலாம், இப்ப என்ன அவசரம்"ங்கறாங்க. மூணு பேரு, மூணு கணக்கு. யாரை நம்புறது?

வேப்பங்குச்சி
மாமியாரை நம்புங்க, செலவு மிச்சம்.

கிண்டல் போகட்டும். ரெண்டு கட்டம்னா ரெண்டு பில், அவ்வளவுதான். என் அண்ணன் பொண்ணுக்கு 9 வயசுல ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம் கழட்டி மாட்டுற பிளேட், ரெண்டு வருஷம் சும்மா, திரும்ப 13ல முழுக் கம்பி, நாலு பல் பிடுங்கல் வேற. அவ கூடப் படிச்ச புள்ள நேரா 13லதான் போனா. பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு பேருமே கம்பியைக் கழட்டிட்டாங்க. இப்ப நிக்க வச்சுப் பாத்தா எது ரெண்டு பில் பல், எது ஒரு பில் பல்லுன்னு சொல்ல முடியாது.

நான் ஏதோ வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு நினைக்க வேணாம். பல ஆய்வுகளை ஒண்ணாச் சேத்து அலசுற காக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, 2013லயும் 2018லயும் வந்த அவங்க ஆய்வுத் தொகுப்பு சொல்றதும் இதுதான். எத்துப்பல் பிள்ளைகளுக்குச் சின்ன வயசுல ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு தடவை பண்ணாலும், வளர்ந்த பிறகு ஒரே தடவை பண்ணாலும், கடைசியில பல் வந்து நிக்கிற இடத்துல பெரிய வித்தியாசம் இல்லை.

தேம்ஸ்கரை
தம்பி, அந்த ஆய்விலை இன்னொரு வரியும் கிடக்கு, அதை விட்டிட்டியள். முன்னுக்குத் தள்ளின பல்லை வெள்ளனச் சரிப்படுத்தினால் விழுந்து பல் உடையிறது குறையுது எண்டும் அதிலை எழுதியிருக்கு.

நான் அதை வாசிச்சு அறியேல்லை. என்ர மகனுக்கு ஒன்பது வயதிலை மேற்பல் கீழ்ப்பல்லை விட 8 மில்லிமீற்றர் முன்னுக்கு நிண்டது. இங்க இங்கிலாந்திலை 18 வயதுக்குக் கீழ அரச செலவிலை கிளிப் போடலாம், ஆனா எல்லாப் பிள்ளையளுக்கும் இல்லை. 1இலை இருந்து 5 வரை ஒரு அளவுகோல் வைச்சிருக்கினம். 4, 5 எண்டால் கிடைக்கும், 3 எண்டால் தோற்றத்தையும் பார்த்துத்தான். 6 மில்லிமீற்றரைத் தாண்டினால் 4, 9ஐத் தாண்டினால் 5. மகன் 4. எப்பிடியும் கிடைக்கும்தானே, பன்னிரண்டு வரட்டும் எண்டு நான்தான் ஆறுதலா இருந்திட்டன்.

பத்தரை வயதிலை பள்ளிக்கூட மைதானத்திலை முகங்குப்புற விழுந்தான். முன்பல் ஒண்டு பாதியாய் முறிஞ்சு போச்சு. துண்டைப் பாலுக்குள்ள போட்டுக்கொண்டு ஓடினம். ஒட்டிவிட்டவை, பிறகு நரம்பு செத்து வேர்ச்சிகிச்சை. இப்ப கிளிப் எல்லாம் போட்டு முடிஞ்சு வரிசை வடிவாய்த்தான் இருக்கு, அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் நிறம். கடைசியிலை வித்தியாசம் இல்லை எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.

வேப்பங்குச்சி
கேக்கவே கஷ்டமா இருக்கு அண்ணே. ஆனா செண்பகம் அக்கா மகளுக்கு எத்துப்பல்லுன்னு எங்கயும் சொல்லலையே. சந்துதானே?

பல்லவன்
(பல் டாக்டர்தான், பேரு அதுக்காக வச்சது. பதினாலு வருஷமா கம்பி கட்டுறது மட்டுமே வேலை.)

வேப்பங்குச்சி சொல்றதுல பாதி சரி. என் பொழப்புக்கு விரோதமா ஒத்துக்கறேன். 8, 9 வயசுல மேல் முன்பல் விரிஞ்சு நிக்கிறது பெரும்பாலும் வியாதியே இல்லை. மேல கோரைப்பல் ரெண்டும் இறங்கி வரும்போது பக்கத்துப் பல்லோட வேரை நெருக்கிட்டு வரும், அதான் கிரீடம், அதாவது வெளியில தெரியற பாகம், வெளிப்பக்கமா சாயுது. 11, 12 வயசுல கோரைப்பல் முளைச்சதும் 2 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கிற சந்து பெரும்பாலும் தானா மூடிக்கும். அவசரப்பட்டு இழுத்தா வேரு போய் கோரைப்பல்லோட மோதும்.

ஆனா 7 வயசுல ஒரு தடவை காட்டணும்னு அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் (கம்பி கட்டுற டாக்டருங்க சங்கம்) சொல்லுதே, அது கம்பி போடறதுக்கு இல்லை, பாக்கறதுக்கு. அந்த வயசுல ஆறு வயசுக் கடைவாய்ப்பல் வந்திருக்கும், முன்பல்லும் வந்துக்கிட்டிருக்கும், ரெண்டு தாடையும் எப்படிப் பொருந்துதுன்னு தெரிஞ்சுடும். பாக்கறதையும் போடறதையும் ஒண்ணாக்கினதுலதான் பாதிக் குழப்பம்.

செண்பகம், ஒரு வேலை செய்ங்க. பாப்பாவைக் கடைவாய்ப்பல்லைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, அப்படியே "ஈ" சொல்லச் சொல்லுங்க. மேல் பல் எல்லாம் கீழ்ப்பல்லுக்கு வெளியில நிக்குதா, ஏதாவது ஒண்ணு உள்ள போகுதா?

செண்பகம்_திருச்சி
தூங்கப் போனவளை உக்கார வச்சு செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். முதல்ல சிரிச்சுக்கிட்டே இருந்தா, கடிக்கவே மாட்டேங்கறா. அப்புறம் கடிச்சா. முன்பல்லுக்கு வலது பக்கம் அடுத்த பல், மேல் பல்லு, கீழ்ப்பல்லுக்கு உள்ள போய் உக்காருது சார். அதுக்கு நேரா இருக்கிற கீழ்ப்பல் மட்டும் பக்கத்துப் பல்லை விட நீளமா தெரியுது, ஈறு கீழ இறங்கியிருக்கு. தினம் தலை பின்னி விடுறேன், சோறு ஊட்டுறேன். இதைக் கவனிச்சதே இல்லை.

பல்லவன்
சந்தை விடுங்க. இந்த ஒரு பல்லுக்குக் காத்திருக்க வேணாம். ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் கீழ்ப்பல்லை வெளியில தள்ளுது, அதான் ஈறு இறங்குது. பல் தேயவும் செய்யும். இடம் இருந்தா, சின்ன ஸ்பிரிங் வச்ச கழட்டி மாட்டுற பிளேட் போதும். ஒழுங்கா போட்டா சில மாசத்துல வெளியில வந்துடும். வந்து கீழ்ப்பல்லுக்கு மேல உக்காந்துட்டா அந்தப் பிடியே அதைத் திரும்ப விடாது. மத்தது எல்லாம் 12க்கு மேல பேசிக்கலாம், ஒருவேளை தேவையே படாமலும் போகலாம்.

இன்னொண்ணு, 10 வயசுல மறக்காம ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. மேல் ஈறுல கோரைப்பல்லோட புடைப்பு கைக்குத் தட்டுப்படணும். படலைன்னா எக்ஸ்ரே. திசை மாறிப் போற கோரைப்பல்லை அப்பவே கண்டுபிடிச்சா, சில பேருக்குப் பால் பல்லைப் பிடுங்கினாலே அது வழிக்கு வந்துடும்.

வேப்பங்குச்சி
அப்ப முதல் டாக்டர் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சே?

பல்லவன்
அந்த ஒரு பல்லைக் காட்டிச் சொல்லியிருந்தா சரி. சந்தைக் காட்டி 40 ஆயிரம் சொன்னா சரி இல்லை. "ஏன் இப்ப, தள்ளிப்போட்டா என்ன கெடும்?" ரெண்டு டாக்டர்கிட்டயும் இதைக் கேளுங்க. கெடும்னு சொல்ல சில காரணம்தான் இருக்கு: இந்த மாதிரி உள்ள மாட்டிக்கிற பல், ரொம்பத் துருத்திக்கிட்டு உடையற பல், மேல் தாடை குறுகி ஒரு பக்கமா கடிக்கிறது, கீழ்த்தாடை முன்னாடி வர்றது, விடாத விரல் சூப்பல். மேல் தாடையை விரிக்கணும்னா நடு அண்ணத்து எலும்பு இறுகறதுக்கு முன்னாடி விரிக்கணும். வயசுக்கு வந்தப்புறம் அது வருஷத்துக்கு வருஷம் கஷ்டம்.

முப்பத்தெட்டு
மாமியார் கணக்குக்கு நான் பதில் சொல்றேன்.

எங்க வீட்டுல அக்காவுக்கு 23 வயசுல, ஜாதகம் எடுத்த பிறகுதான், கம்பி போட்டாங்க. ஏழாவது மாசம் முகூர்த்தம் குறிச்சாச்சு. போட்டோவுல கம்பி தெரியக்கூடாதுன்னு பாதியில கழட்டிட்டாங்க. கம்பி கழட்டினப்புறம் பல் திரும்ப நகராம இருக்கப் போடுற ரிட்டெய்னரை அக்கா போடவும் இல்லை. ரெண்டு வருஷத்துல பல் பழைய இடத்துக்கே போயிடுச்சு. இந்த வேலைக்குச் சாதாரணமா ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நேரத்துல ஆரம்பிக்கிற வேலை இல்லை.

எனக்கு? "ஆம்பளப் பையனுக்கு எதுக்கு"ன்னு அப்பா விட்டுட்டார். சொந்தக் காசுல 36ல ஆரம்பிச்சு 38ல முடிச்சேன். ஈறுல நோய் இருந்ததால முதல் ரெண்டு மாசம் அந்த வைத்தியமே ஓடுச்சு. கம்பி கட்டின வாரம் இட்லியைச் சாம்பார்ல ஊற வச்சு முழுங்கினேன். முறுக்கு தின்னு ரெண்டு தடவை, கம்பியைப் பிடிக்கப் பல்லுல ஒட்டுற பிராக்கெட் பேந்துச்சு. இப்ப வரிசை நேரா இருக்கு. ஆனா நெருக்கமா கிடந்த முன்பல்லை நிமித்தினதும் ஈறு ஓரத்துல கருப்பா முக்கோணச் சந்து ஒண்ணு வந்திருக்கு. கீழ்த்தாடை பின்வாங்கினது அப்படியே இருக்கு, அதுக்கு ஆபரேஷன்தான்னு சொல்லிட்டார். ராத்திரி ரிட்டெய்னர் ஆயுசுக்கும். வருத்தம் இல்லை, ஆனா 12லன்னா இதுல பாதி இல்லாமப் போயிருக்கும்.

பல்லவன்
பல்லு எந்த வயசுலயும் நகரும், 60லயும் நகர்த்தலாம், ஈறும் எலும்பும் நல்லா இருக்கணும். அழுத்துற பக்கம் எலும்பு கரையும், விட்டுப்போன பக்கம் வளரும், பல் மாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். வளர்ச்சி முடிஞ்ச தாடைதான் நமக்கு அசையாது. அதுலயும் 12 வயசுல கீழ்த்தாடையை முன்னாடி கொண்டு வர்ற பிளேட் போட்டா தாடை எவ்வளவு கூடுதலா வளருதுன்றதுல எங்களுக்குள்ளயே சண்டை. கடி திருந்தும், அது வரைக்கும் சொல்லலாம்.

சிங்கப்பல்_ரசிகை
வயசு 31. மேல ரெண்டு பக்கமும் சிங்கப்பல். பொண்ணு பாக்க வந்த ஒரு அம்மா, "கிளிப் போட்டுடலாம்ல"ன்னு காப்பி டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள கேட்டாங்க. நான் மாட்டேன். டாக்டர், நானும் வந்தே ஆகணுமா?

பல்லவன்
இடுக்குல பிரஷ் போகுதா, கடி சரியா இருக்கா? ரெண்டும் ஆமாம்னா வர வேணாம்.

வேப்பங்குச்சி
வேணாம்னு சொல்ற டாக்டரை இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆனா ஒண்ணு, எங்க தாத்தா காலத்துல கரும்பையும் சோளத்தையும் கடிச்சுத் தாடை அகலமா இருந்துச்சு, இவ்வளவு நெருக்கடி இல்லை.

பல்லவன்
மெத்துன்னு தின்னுதான் தாடை சிறுத்துப் போச்சுன்னு மானுடவியல்காரங்க சில பேரும் சொல்றாங்க. ஆனா கோணின பல்லைக் கரும்பு நிமித்தாது. பொங்கல் முடிஞ்ச வாரம் எங்க கிளினிக்கு வந்து பாருங்க, பேந்த பிராக்கெட்டோட வரிசையா உக்காந்திருப்பாங்க.

செண்பகம்_திருச்சி
அஞ்சு வாரம் கழிச்சு வந்து எழுதறேன். மூணாவதா ஒரு எம்.டி.எஸ். (பல் வைத்தியத்துல மேல்படிப்பு) டாக்டரைப் பாத்தோம். அவரும் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் பிளேட்னார். 6,500 ரூபா. முதல் வாரம் "சீக்கிரம்" வாயில நுழையாம "த்தீக்கிரம்"னு பேசினா. பல் அசைஞ்சு இப்ப கீழ்ப்பல்லோட முனைக்கு முனை இடிக்குது.

வேப்பங்குச்சி
6,500 நியாயம். பிளேட்டைத் தொலைச்சா?

செண்பகம்_திருச்சி
தொலைச்சாச்சு, கிடைச்சாச்சு. போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துல பிளேட்டைக் கழட்டி இலை ஓரத்துல வச்சிருக்கா, பாயசம் முடிஞ்சதும் இலையோட மடிச்சுட்டா. கை கழுவற இடத்துலதான் ஞாபகம் வந்து அழுகை. அவங்க அப்பா பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் பின்னாடி எச்சில் இலைக் கூடையைக் கவுத்தார். பதினேழாவது இலையில, வாழைக்காய் பொரியலுக்கு அடியில இருந்துச்சு.