புதுப்பிப்பு: பாராசிட்டமாலும் வைட்டமின் சியும் ஒரே மேட்டில் கலந்த கதை

போன இழையில் கேட்டிருந்தேன்: கண்ணாடிக் கார்பன் மின்முனையில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே பாராசிட்டமாலை அளந்தால், அஸ்கார்பிக் அமிலத்தின் (வைட்டமின் சி) மின்னோட்ட மேடும் வரைபடத்தில் அதோடு கலந்துவிடுகிறது, எப்படிப் பிரிப்பது என்று. மின்முனை மேல் நாஃபியான் என்ற பாலிமர் படலத்தைப் பூசிப் பாருங்கள் என்று பலரும் சொன்னீர்கள். பூசினேன், வேலை செய்கிறது.

காரணம் எளிமையானது. பி.எச். 7-ல் அஸ்கார்பிக் அமிலம் எதிர்மின் அயனியாக இருக்கும். நாஃபியானில் உள்ள சல்ஃபோனேட் தொகுதிகளும் எதிர்மின்னூட்டம்தான், அதனால் தள்ளிவிடுகிறது. பாராசிட்டமாலின் பி.கே.ஏ., அதாவது அதில் பாதி புரோட்டானை இழந்து அயனியாகும் பி.எச்., சுமார் 9.5. அதனால் பி.எச். 7-ல் அது மின்னூட்டம் இல்லாமல், தடையின்றி உள்ளே போய்விடும். ஆனால் படலம் தடித்தால் பாராசிட்டமால் ஊடுருவுவதும் மந்தமாகிவிடும். மெல்லிசாகப் பூசுங்கள்.

பி.எச். மாற மாற மேடு ஏன் நகர்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பாராசிட்டமாலின் ஆக்சிஜனேற்றத்தில் 2 எலக்ட்ரான், 2 புரோட்டான் போகின்றன. அதனால் ஒரு பி.எச். அலகுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் நகரும். பஃபரை (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) மாற்றிவிட்டுப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடாதீர்கள்.

அப்புறம், சர்க்கரை நோயாளிகளின் தொடர் குளுக்கோஸ் சென்சாரைப் பாராசிட்டமால் பாதிக்குமா என்ற கேள்வி. குளுக்கோஸிலிருந்து நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கும் வகைகளில் பாராசிட்டமாலும் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, குளுக்கோஸ் அளவைக் கூட்டிக் காட்டலாம். அமெரிக்காவில் 2018-ல் அனுமதி பெற்ற டெக்ஸ்காம் ஜி6-ல் இதற்கென்றே தடுப்புப் படலம் உண்டு. அதை அணிந்த பெரியவர்கள் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் பாராசிட்டமால் வரை எடுத்தாலும் அளவு சரியாகவே காட்டும் என்கிறார்கள்.

அடுத்து சிறுநீர் மாதிரி. அங்கே யூரிக் அமிலம் இதே தொல்லையோடு காத்திருக்கிறது.