கூரை பிரிச்ச குப்பைக்கு டம்ப்ஸ்டர்: யூனிட் கணக்கை விடுங்க, எடையைப் பாருங்க

கேள்வி (மாயவரம், இப்போ அமெரிக்காவுல ஒஹாயோ): அண்ணே, வாங்கின பழைய வீட்டுக்கு ஷிங்கிள் (கூரை மேல அடிக்கிற தார்த் தகடு) மாத்தணும். மாடி கிடையாது, கராஜையும் சேர்த்து 2,000 சதுர அடி. கூரைக்காரர் ரேட்டைக் குறைச்சிட்டு, டம்ப்ஸ்டரை (குப்பை கொட்டுற பெரிய இரும்புப் பெட்டி) நீங்களே வாடகைக்கு எடுத்துக்கங்கன்னு சொல்றார். 10, 20, 30 யார்டுன்னு இருக்கு. பெரிசா ஒண்ணு எடுத்துட்டா நிம்மதிதானே?

மன்னார்குடி: இல்லை தம்பி, அங்கேதான் காசு போகும். ஊர்ல மணலும் இடிசலும் யூனிட் கணக்கு, 100 கன அடி ஒரு யூனிட். இங்கே ஒரு கன யார்டு 27 கன அடி. 20 யார்டு பெட்டி 540 கன அடி, ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனா பில் ஏறுறது எடையில. வாடகையோட இத்தனை டன்னுன்னு ஒரு அளவு சேர்ந்திருக்கும், அதைத் தாண்டினா டன்னுக்கு இவ்வளவுன்னு தனியாப் போடுவாங்க. அந்த டன்னும் நம்ம 1,000 கிலோ இல்லை. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ.

கூரைக்கு அளவு 'ஸ்கொயர்', 100 சதுர அடி ஒரு ஸ்கொயர். உங்க 2,000 சதுர அடியோட சுத்தி நீட்டியிருக்கிற இறவாணத்தைச் சேர்த்தா சுமார் 2,200. 12 அடிக்கு 6 அடி ஏறுற சரிவா இருந்தா 1.12-ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 25 ஸ்கொயர் வரும். பழைய, மெல்லிசான த்ரீ-டேப் ஷிங்கிள்னா ஸ்கொயருக்கு 200 முதல் 250 பவுண்டு. தடியான ஆர்க்கிடெக்சுரல்னா 250 முதல் 350. நடுவுல 300 வச்சாலே 7,500 பவுண்டு, மூணேமுக்கால் டன். அடியில இருக்கிற ஃபெல்ட் (தார் பூசின விரிப்பு), ஆணி, உளுத்த பலகை எல்லாம் சேர்த்து 4 டன்னுன்னு வச்சுக்கங்க. 20 யார்டு பெட்டி ஒண்ணு போதும். ஆனா அந்த வாடகையில 4 டன் அடங்குமான்னு கேட்டு, எழுத்துல வாங்குங்க. பல கம்பெனி 20 யார்டுக்கு அதைவிடக் குறைச்சுத்தான் சேர்த்திருப்பான்.

இதுக்கெல்லாம் முன்னாடி இறவாண ஓரத்துல ஷிங்கிளைத் தூக்கி எத்தனை அடுக்குன்னு எண்ணுங்க. பழசைப் பிரிக்காமலே மேல இன்னொரு அடுக்கு அடிச்சிருக்கிற வீடு நிறைய. ரெண்டு அடுக்குன்னா எடை 7 டன்னைத் தொடும். அதை 30 யார்டுல கொட்டினா இடம் இருக்கும், ஆனா எடை வரம்பைத் தாண்டிட்டா லாரிக்காரர் எடுக்காமலே போயிடுவார். 20 யார்டு நிறைஞ்சதும் எடுத்துட்டு, காலிப் பெட்டி இன்னொண்ணு கொண்டுவரச் சொல்றதுதான் சரி. களிமண், கான்கிரீட் ஓட்டு வீடுன்னா கதையே வேற: கான்கிரீட் ஓடு ஸ்கொயருக்கு 900 பவுண்டுக்கு மேலேயும் வரும், 25 ஸ்கொயருக்கு 11 டன்னு. அதுக்குச் சின்ன 10 யார்டு பெட்டியிலதான் பல நடையா அனுப்பணும்.

இன்னொண்ணு. நெல் கொள்முதல் நிலையத்துல ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினா மூட்டையைத் திருப்பிடுவாங்க. இங்கே குப்பை மழையில நனைஞ்சு ஈரமா இருந்தா சந்தோஷமா வாங்கிக்குவாங்க, தண்ணிக்கும் சேர்த்து உங்ககிட்ட காசு வாங்கிட்டு. ராத்திரி தார்ப்பாயை மூடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் பழைய மெத்தையைக் கொண்டாந்து போடாம இருக்கவும் அது உதவும். பில் வந்ததும் எடைமேடைச் சீட்டு கேளுங்க.

திருவையாறு: அண்ணன் எடையைச் சொல்லிட்டார், நான் வைக்கிற இடத்தைச் சொல்றேன். 20 யார்டு பெட்டி சுமார் 22 அடி நீளம், 8 அடி அகலம். லாரி அதைச் சாய்ச்சு இறக்கணும்னா முன்னாடி நேரா 60 அடி காலியா இருக்கணும். தலைக்கு மேல 25 அடி வரைக்கும் ஒயர், மரக்கிளை இருக்கக் கூடாது. கார் நின்னாலோ ஒயர் தொங்கினாலோ டிரைவர் திரும்பிப் போவார், அந்த நடைக்கும் காசு உண்டு. கீழே இரும்பு உருளை இருக்கும், கான்கிரீட் டிரைவ்வேயைக் கீறும், வெயில்ல இளகின தார்ல பதிஞ்சும் போகும். 2×10 அங்குலப் பலகை ரெண்டு வரிசை உருளைக்கு நேரா போட்டு அது மேல இறக்கச் சொல்லுங்க. பலகை கம்பெனி கொண்டுவராது, நீங்கதான் வாங்கி வைக்கணும்.

பின்பக்கக் கதவு இறவாணப் பக்கமாத் திறக்கிற மாதிரி வைங்க. பிரிக்கிற நாளுக்கு முந்தின நாளே வந்துடணும், ஆளுங்க காலையில ஏறினா மதியத்துக்குள்ள பாதிக் கூரை கீழே. குப்பையை ஒரே மூலையில குவிக்காம நீளத்துக்கும் பரப்பணும், பெட்டி விளிம்போட நிறுத்தணும். பொங்கல் பானை மாதிரி பொங்கி வழிஞ்சா தார்ப்பாய் மூடாது, ரோட்டுல போக முடியாது. தெருவுல வைக்கிறதா இருந்தா நகராட்சி பெர்மிட், ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தா அவங்க அனுமதி, ரெண்டும் முன்கூட்டியே. பெயின்ட் டப்பா, பேட்டரி, டயர், கேஸ் சிலிண்டர் உள்ளே போடாதீங்க. கூரை ஓரத்து அலுமினிய மழைத்தண்ணி வாய்க்கால் (gutter), தாமிரத் தகடு இருந்தா ஒதுக்கி வைங்க, பழைய இரும்புக் கடையில காசு வரும், எடையும் குறையும்.

மாயவரம்: வீடு 1960-கள்ல கட்டினது. அதுல வேற ஏதாவது பார்க்கணுமா?

மன்னார்குடி: ஆமா, நல்லவேளை கேட்டீங்க. அந்தக் காலத்து ஷிங்கிள், ஃபெல்ட், ஒட்டுற தார் மூணுலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஊர்ல மாட்டுக்கொட்டகைக்கு இன்னமும் அந்த ஷீட்டைத்தான் போடறோம்னு இங்கே சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு அப்புறம் பிரிங்க. இருந்தா உரிமம் உள்ள ஆள்தான் கை வைக்கணும், சாதாரண டம்ப்ஸ்டர் அதை ஏத்தாது.

கும்பகோணம் (லண்டன்): இந்தப் பக்கம் இதுக்குப் பேர் 'ஸ்கிப்'. மண், ஓடு மாதிரி கனமான குப்பைக்கு 8 யார்டுதான் உச்சம், அதுக்கு மேல உள்ளது லேசான சாமானுக்கு. ரோட்டுல வைக்க கவுன்சில் பெர்மிட். பிளாஸ்டர்போர்டை (ஜிப்சம் பலகை) தனியா வைங்க, கலந்துட்டா எடுக்க மாட்டான்.

திருவையாறு: ஒண்ணு விட்டுட்டேன். பெட்டி போன பிறகு காந்த உருளையை வாடகைக்கு எடுத்துப் புல்லு, டிரைவ்வே, பக்கத்து வீட்டு ஓரம் எல்லாம் நீளவாக்குல ஒரு தடவை, குறுக்கால ஒரு தடவை தள்ளுங்க. பெட்டி நின்ன இடத்துலதான் ஆணி அதிகமாக் கிடக்கும்.